கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடல்!

பெண்ணின் பிரசவத்துக்கென்று அமெரிக்கா போய்வந்த எந்த அம்மாவை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். "அங்கே என்னவெல்லாம் பார்த்தீங்க?" என்றால், "சமையல்கட்டையும் தொட்டிலையும் பார்த்தேன்!" என்பார்கள். நானும் அந்தக் கட்சிதான். பத்தியச் சாப்பாடு, குழந்தையைக் குளிப்பாட்டுவது, துணி மடிப்பது என்று நாட்கள் ஓடிவிட்டன. ஊருக்குத் திரும்ப மூன்றே வாரம் இருந்தபோது மாப்பிள்ளைதான் பேச்சை எடுத்தார்.

"அத்தை, நீங்க எங்கேயுமே போகலையே. இந்தச் சனிக்கிழமை மான்டரேக்குப் போகலாமா? கடலோரத்துல பெரிய மீன் காட்சி சாலை இருக்கு."

"மீனைப் பார்க்கவா நூறு கிலோமீட்டருக்கு மேலே போகணும்? மதுரை மார்க்கெட்டுல நான் பார்க்காத மீனா, மாப்பிள்ளை?" என்று சிரித்தேன்.

பேத்தி நிலா விடவில்லை. ஆறு வயது. "ஆக்டோபஸ் இருக்கு அம்மாச்சி! போகலாம் அம்மாச்சி!" என்று என் காலைக் கட்டிக்கொண்டாள்.

என் மகள் கவிதா மட்டும் ஒன்றுமே சொல்லவில்லை. அந்த நாட்களில் அவள் எதற்குமே ஒன்றும் சொல்வதில்லை. சாப்பிடும்மா என்றால் சாப்பிடுவாள், படும்மா என்றால் படுத்துக்கொள்வாள். தம்பிப் பாப்பா பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. 'ராத்தூக்கம் இல்லை, அதனால்தான்' என்று நானும் இருந்துவிட்டேன். மீனைப் படம் பிடிக்கும் கட்டுரையில் இது எதற்கு என்று கேட்காதீர்கள். கடைசியில் உங்களுக்கே தெரியும்.

மத்தி மீன் ஆலை இருந்த இடம்

மான்டரே, கலிபோர்னியாவில் பசிபிக் கடலோரத்து ஊர். ஒரு காலத்தில் அங்கே கடற்கரைத் தெரு முழுக்க மத்தி மீனைத் தகர டப்பாவில் அடைக்கும் ஆலைகள். மத்தி குறைந்துபோகவே ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அப்படி மூடிய ஓர் ஆலை இருந்த இடத்தில் 1984 அக்டோபர் 20-ம் தேதி இந்தக் காட்சி சாலையைத் திறந்தார்கள். எதிரே உள்ள கடலிலிருந்தே தொட்டிகளுக்குத் தண்ணீர் ஏற்றுகிறார்கள்.

இந்த மாதிரி இடம் நமக்கு ஒன்றும் புதிதல்ல, தெரியுமா? சென்னை மெரினாக் கடற்கரையில் 1909-லேயே கடல் மீன் காட்சி சாலை ஒன்று திறந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடிவிட்டார்கள். நம் பாட்டிமார்களில் சிலர் அதைப் பார்த்திருக்கக்கூடும். ஆனால் படம் பிடித்திருக்க மாட்டார்கள். நம் கையிலோ இன்று ஆளுக்கொரு காமிரா, செல்போனுக்குள்!

அறுபது படமும் வீண்!

உள்ளே நுழைந்ததும் கை பரபரத்தது. கண்ட தொட்டியை எல்லாம் 'டக் டக்'கென்று எடுத்துத் தள்ளினேன். அரை மணி நேரத்தில் அறுபது படம். ஓர் ஓரமாக உட்கார்ந்து பார்த்தால்... ஒன்றில் மீனுக்குப் பதில் என் வெள்ளை ஸ்வெட்டர். இன்னொன்றில் பின்னால் நின்றவரின் வழுக்கைத் தலை. மற்றொன்றில் கண்ணாடி முழுக்கக் குழந்தைகளின் விரல் ரேகை. மீன் இருந்த இரண்டொரு படத்திலும் அது ஒரு கோடு, அவ்வளவுதான்!

"அம்மாச்சி, இதுல மீன் எங்கே?" என்று நிலா கேட்டாள். வெட்கமாகப் போய்விட்டது.

அடுத்து வந்தது ஆக்டோபஸ் தொட்டி. நம் மீனவர்கள் பேய்க்கணவாய் என்கிறார்களே, அதன் ராட்சத இனம். கல் இடுக்கில் செம்பழுப்பு நிறத்தில் மூட்டை மாதிரி சுருண்டிருந்தது. இருட்டாக இருக்கிறதே என்று நான் எதையோ தட்ட, 'பளீர்' என்று ப்ளாஷ் வெளிச்சம் அடித்துவிட்டது. படத்தில் வந்தது ஒரு வெள்ளை வட்டம் மட்டுமே. அது கண்ணாடியில் பட்டுத் திரும்பிய என் வெளிச்சம்!

பக்கத்தில் நின்ற வயதான வழிகாட்டி அம்மாள் கோபிக்கவில்லை. என் போனை வாங்கி ப்ளாஷை அணைத்தார். என் கையைப் பிடித்து, போனின் கண்ணைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்தார். "காத்திருங்கள்" என்று சைகை காட்டினார்.

காத்திருந்தேன். இரண்டு நிமிடம் இருக்கும். மூட்டை மெல்ல அவிழ்ந்தது. ஒரு கை நீண்டு, கண்ணாடியில் வட்ட வட்டமாக உறிஞ்சிகளைப் பதித்தது. பிறகு கண். படுக்கைவசமாகக் கீறியது போன்ற பாவையோடு என்னையே பார்த்தது. எடுத்தேன். அன்றைக்கு என் முதல் நல்ல படம் அது.

ப்ளாஷ் ஏன் வேண்டாம்?

மீன்களில் அநேகமாக எதற்கும் கண் இமை கிடையாது. நாம் கண்ணை மூடிக்கொள்வோம், அது எங்கே மூடும்? 'ப்ளாஷ் அடித்தால் மீனுக்குக் கண் போய்விடும்' என்று சொல்கிறவர்களும் உண்டு. அது மிகை. கடல் குதிரை போன்ற மீன்களை வைத்து ஆராய்ந்து 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். ப்ளாஷால் கண்ணுக்குச் சேதம் எதுவும் தென்படவில்லை. மனிதர்கள் கையால் தொட்டு நகர்த்தியபோதுதான் அவை மிகவும் கலங்கினவாம்.

'அப்படியானால் அடிக்கலாமே' என்கிறீர்களா? கடலில் இருக்கும் மீன் பிடிக்காவிட்டால் விலகிப் போய்விடும். தொட்டியில் இருப்பது எங்கே போகும்? நாள் முழுக்க வருகிறவர்கள் எல்லோரும் ஆளுக்கு ஒரு தரம் அடித்தால்? தூங்கும் பிள்ளையின் முகத்தில் டார்ச் அடிக்க நமக்கு மனம் வருமா? அதோடு ப்ளாஷால் படமும் கெட்டுத்தான் போகிறது. கண்ணாடியில் பட்டுத் திரும்பும், தண்ணீரில் மிதக்கும் தூசியெல்லாம் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். அதனால் யாருக்கும் லாபமில்லை.

கண்ணாடியைத் தட்டி மீனைக் கூப்பிடுவதும் கூடாது. பிள்ளைகளுக்கு இதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

சொறி மீனும் வெளிச்சமும்

மிகச் சுலபமாக அழகான படம் வேண்டுமா? நேரே ஜெல்லி மீன் கூடத்துக்குப் போங்கள். நம் கடற்கரையில் 'சொறி' என்று சொல்லி ஒதுக்குவோமே, அதுதான். உடம்பில் மிகப் பெரும்பகுதி தண்ணீர். எலும்பு இல்லை, மூளை இல்லை, இதயமும் இல்லை. ஆனால் நீலப் பின்னணியில், பக்கவாட்டு விளக்கில், ஆரஞ்சு நிறப் பாவாடையை விரித்து விரித்துச் சுருக்குகிற மாதிரி மிதந்தபோது கண்ணை எடுக்க முடியவில்லை. மூலையில் சிக்கிக் கிழிந்துவிடாமல் இருக்க, அவற்றுக்கு மூலையே இல்லாத தொட்டி வைக்கிறார்கள். உள்ளே தண்ணீர் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

மெதுவாக நகர்வதால் படம் கலங்காது. ஒரே ஒரு சூட்சுமம்தான். இருண்ட கூடம் என்பதால் போன் தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிவிடும், ஜெல்லி மீன் வெளுத்துப் பஞ்சாகிவிடும். திரையில் ஜெல்லி மீனின் மேல் விரலால் தொடுங்கள். பல போன்களில் சின்னதாகச் சூரியக் குறி வரும். அதைக் கீழே இழுத்தால் பின்னணி கறுத்து, ஜெல்லி மீன் மட்டும் விளக்கு மாதிரி தெரியும். இதை எனக்குக் கற்றுத் தந்தது யார் தெரியுமா? நிலாதான்!

அடுத்து அவளிடமே போனைக் கொடுத்தேன். அவள் உயரத்துக்கு அவள் எடுத்தவை என் படங்களைவிட நன்றாக இருந்தன. நாம் நின்றபடி மேலிருந்து சாய்த்து எடுக்கிறோம். அவளோ மீனுக்கு நேர் எதிரே நிற்கிறாள்! இங்கே கண்ணாடி என்று சொல்வது பெரும்பாலும் தடித்த அக்ரிலிக் பலகை. அதைச் சாய்வாகப் பார்த்தால் உருவம் கோணலாகும், ஓரங்களில் நிறம் பிரியும். நேருக்கு நேர் எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை.

தொப்பியில் மின்சாரம்!

வேகமாக ஓடும் மீனைத் துரத்தி எடுக்க முடியாது. கொஞ்சம் நின்று கவனியுங்கள். தொட்டி மீன்கள் பெரும்பாலும் ஒரே பாதையில் சுற்றிச் சுற்றி வரும். வரும் இடத்தில் போனைத் தயாராக வைத்துக்கொண்டு அது வரும்வரை பொறுத்தால் போதும். பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிப் பழகிய நமக்குப் பொறுமையைப் பற்றிச் சொல்லித் தரவேண்டுமா?

பொறுமைக்கு ஒரு கதை உண்டு. பிரான்ஸில் ழான் பேன்லவே என்பவர் கடல் குதிரைகளைப் பற்றி 1934-ல் ஒரு சினிமா எடுத்தார். கடல் குதிரைகளில் முட்டையை வயிற்றுப் பையில் சுமப்பதும், குட்டிகளைப் பெறுவதும் ஆண்தான்! (வீட்டுக்காரரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.) அந்தப் பிரசவத்தைப் படம் பிடிக்கத் தொட்டியின் முன்னால் அவர் தவம் கிடந்தார். கண் அசந்தால் லேசாக மின்சாரம் தாக்கி எழுப்பும்படி தொப்பியில் ஒரு கருவியைப் பொருத்திக்கொண்டாராம்! நமக்கு அவ்வளவு வேண்டாம். ஒரு தொட்டிக்குப் பத்து நிமிடம் கொடுத்தால் போதும். நூறு தொட்டியை ஓடி ஓடி எடுப்பதைவிட ஐந்து தொட்டி முன் நின்று எடுப்பது மேல்.

நாலரை வருடம் நகராத தாய்

வழிகாட்டி அம்மாளிடம் மாப்பிள்ளை பேச்சுக் கொடுத்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. ராட்சத ஆக்டோபஸில் தாய் வாழ்நாளில் ஒரே தடவைதான் முட்டையிடும். பிறகு மாதக்கணக்கில் சாப்பிடாமல், முட்டைகளைத் துடைத்து, தண்ணீரை ஊதிவிட்டுக் காத்துக்கொண்டே இருக்கும். குஞ்சுகள் வெளிவரும் சமயம் தாய் இறந்துவிடும்.

அதைவிட ஆச்சரியம் ஒன்று. அந்த மான்டரே கடலிலேயே சுமார் 1,400 மீட்டர் ஆழத்தில் வேறு இனத்து ஆக்டோபஸ் ஒன்று முட்டைகளின் மேல் அமர்ந்திருந்ததை, 2007 மே மாதம் ஆராய்ச்சியாளர்கள் ஆளில்லா இயந்திரத்தின் காமிராவில் கண்டார்கள். மறுபடி மறுபடி அதே இடத்துக்குப் போனார்கள், மொத்தம் பதினெட்டு தடவை. உடம்பில் இருந்த தழும்புகளை வைத்து அதே தாய்தான் என்று தெரிந்துகொண்டார்கள். ஒரு தடவைகூட அது முட்டையை விட்டு நகர்ந்ததாகவோ, எதையும் தின்றதாகவோ அவர்கள் காணவில்லை. போகப் போக அதன் நிறம் வெளுத்தது, தோல் தொய்ந்தது, கண் மங்கியது. 2011 செப்டம்பரில்கூட இருந்தது. அடுத்த மாதம் போனபோது தாயைக் காணோம். பொரிந்த முட்டைகளின் காலிக் கூடுகள்தான் பாறையில் ஒட்டிக்கொண்டிருந்தன. 53 மாதம்! எந்த உயிரினமும் இவ்வளவு காலம் முட்டையைக் காத்ததாக அதுவரை பதிவே இல்லை.

காமிராவோடு யாரோ திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்ததால்தானே அந்தத் தாயின் கதை தெரிந்தது? இல்லாவிட்டால் அந்த இருட்டில் யாருக்குத் தெரியும்?

இதை மாப்பிள்ளை தமிழில் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் தற்செயலாகத் திரும்பினேன். கவிதா பக்கத்தில் இல்லை.

நான் எடுத்த ஒரே படம்

தேடிக்கொண்டு போனால், கெல்ப் காட்டுத் தொட்டியின் முன் உட்கார்ந்திருந்தாள். கெல்ப் என்பது கடலடியில் மரம்போல் வளரும் ராட்சதப் பாசி. 28 அடி உயரத் தொட்டியில் ஒரு காடே வளர்கிறது. மேலே கூரை கிடையாது, நிஜ வெயில் இறங்குகிறது. பாசி வாழ அசைவு வேண்டும் என்பதால் இயந்திரம் வைத்து அலையடிக்கச் செய்கிறார்கள். பகலில் நமக்குத் தெளிவாகத் தெரிவதற்காகத் தண்ணீரை வடிகட்டி விடுகிறார்கள். இரவில் வடிகட்டாத கடல்நீரையே உள்ளே விட, அதிலுள்ள நுண்ணுயிர்கள் தொட்டியில் வாழ்பவற்றுக்கு உணவாகின்றன.

உச்சிவேளை. வெயில் கம்பி கம்பியாகத் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. பொன்னிறத்தில் பாசி ஆடிக்கொண்டிருக்க, மத்திக் கூட்டம் வெள்ளித் தட்டு மாதிரி திரும்பிப் பளிச்சிட்டது. எதிரே இருட்டில் என் மகள். கறுப்புச் சால்வைக்குள் பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தான். அவள் நிமிர்ந்து மீன்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூப்பிட வாய் வந்தது. கூப்பிடவில்லை. பின்னாலேயே நின்று, முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, தொட்டியின் வெளிச்சத்தைத் தொட்டுக் குறைத்து, மூச்சை அடக்கி ஒரே ஒரு படம் எடுத்தேன். முகம் தெரியாது. கறுப்பு நிழலாக ஒரு தாயும், மடியில் ஒரு சின்னத் தலையும், எதிரே முழுக் கடலும்.

அன்றிரவு அதை அவளிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

"நானாம்மா இது?"

"நீதாம்மா. வேற யாரு?"

"பாப்பா பிறந்ததுலேருந்து என் போன்ல ஆயிரம் படம் இருக்கும்மா. ஒண்ணுலகூட நான் இல்ல. எல்லாமே நான் எடுத்ததுதானே..." என்றவள் உடைந்து அழுதுவிட்டாள். பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு தினமும் அழுவதாகவும், பிள்ளை தூங்கினாலும் தனக்குத் தூக்கம் வருவதில்லை என்றும், 'நான் நல்ல அம்மா இல்லை' என்ற எண்ணமே ஓடுகிறதென்றும் அப்போதுதான் சொன்னாள். மூன்று மாதம் ஒரே வீட்டில் இருந்தேன். 'சாப்பிடு, தூங்கு' என்றேனே தவிர, பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவில்லை.

மறு வாரமே டாக்டரிடம் அழைத்துப் போனோம். சகோதரிகளே, பிரசவமான முதல் ஒன்றிரண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கும் உண்டு, பெரும்பாலும் தானே சரியாகிவிடும். இரண்டு வாரத்துக்கு மேலும் நீடித்தால் அது டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம். தன்னையோ பிள்ளையையோ எதுவும் செய்துவிடுவோமோ என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. அது சோம்பலும் அல்ல, பாசக்குறைவும் அல்ல. சிகிச்சையால் குணமாகக்கூடிய நோய். என் டிக்கெட்டைத் தள்ளிப்போட்டேன். இரவில் ஒரு வேளைப் பாலைப் புட்டியில் கொடுக்கும் பொறுப்பை மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டார். மெல்ல மெல்லக் கவிதா பழைய கவிதா ஆனாள்.

போகும் முன் நினைவில் வைக்க...

1. ப்ளாஷை வீட்டிலேயே அணைத்துவிடுங்கள். காட்சி சாலையின் விதிகளையும் வாசலில் படித்துக்கொள்ளுங்கள்.

2. வெள்ளை, மஞ்சள், ஜரிகை மின்னும் புடவை வேண்டாம், கண்ணாடியில் நீங்கள்தான் தெரிவீர்கள். கருநீலம், கறுப்பு, அரக்கு போன்ற அடர் நிறம் நல்லது.

3. பழைய பருத்தித் துணி ஒன்று கையில் இருக்கட்டும். போனின் கண்ணையும், கண்ணாடியில் உள்ள விரல் ரேகையையும் மெதுவாகத் துடைக்க உதவும். ஈரமோ சோப்போ வேண்டாம்.

4. போனைக் கண்ணாடியோடு ஒட்டி, நேராகப் பிடியுங்கள். ஒட்ட முடியாவிட்டால் அடர் நிறத் துப்பட்டாவையோ முந்தானையையோ போனைச் சுற்றித் திரைபோல் பிடித்துக்கொண்டால் எதிரொளி மறையும்.

5. திரையை விரலால் விரித்துப் பெரிதாக்காதீர்கள், படம் தேய்ந்துவிடும். மீன் அருகே வரும்வரை பொறுங்கள்.

6. கண் தெளிவாக விழுந்தால் படத்துக்கு உயிர் வரும். மீனின் கண்ணில் தொட்டு போகஸ் செய்யுங்கள்.

7. திறந்த உடனேயோ மூடுவதற்கு முந்திய ஒரு மணி நேரத்திலோ கூட்டம் குறைவு. இரை போடும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டால் மீன்கள் முன்னால் வரும்.

8. ஒரு படத்தில் பிள்ளைகளின் நிழலும் விழட்டும். தொட்டி எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் தெரியும்.

கடைசியாக ஒன்று. திரும்பி வருமுன் போனை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு, நீங்களும் கண்ணாடி முன் போய் உட்காருங்கள். உங்கள் வீட்டில் பிள்ளை பெற்ற பெண் யாராவது இருந்தால், அவளை உட்காரவைத்து நீங்கள் எடுங்கள்.

அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டுக் கவிதா தன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். போனில் பேசும்போதெல்லாம் நிலா என்னைக் கேலி செய்வாள்: "அம்மாச்சி, நீங்க எடுத்ததுலேயே இதுலதான் மீன் தெரியுது!"